கத்தரிக்கு மிஞ்சியவை: கேள்வி – பதில்

மிச்சத் துணி, ஒட்டுப் போர்வை, துணிக்கலை பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கே: தெருமுனை டெய்லர் கடையில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி சும்மாவே கொடுத்தார்கள். ஆசையாக வாங்கி வந்துவிட்டேன். இப்போது பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே ஆரம்பிக்க? – இல்லத்தரசி, திண்டுக்கல்

சாக்கைக் கூடத்தில் கொட்டுங்கள். நிறம் அப்புறம், முதலில் ரகம் பிரியுங்கள். பருத்தி ஒரு பக்கம். பாலியஸ்டர், ஜார்ஜெட், பட்டு எல்லாம் இன்னொரு பக்கம். தொட்டுப் பார்த்தும் தெரியவில்லையா? ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்க்காதீர்கள். முதல் துவையலில் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. தையல் நெடுகச் சுருக்கம் விழுந்துவிடும்.

பருத்தியை மட்டும் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் அளவு. அதை வைத்துக் கோடு போட்டு 80 சதுரம் சேருங்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் நிற்கும். ஒரு வரிசைக்கு எட்டு, மொத்தம் பத்து வரிசை. நான்கடிக்கு ஐந்தடி போர்வை தயார்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஜாக்கெட்டின் கைக்குழியிலும் கழுத்திலும் வெட்டி விழுந்தவை வளைவான துண்டுகள். அவற்றில் இருக்கிற இடத்துக்கு ஏற்றாற்போல் அட்டையைத் திருப்பி வைக்கத் தோன்றும். வேண்டாம். நூலோட்டம் பார்த்து வையுங்கள். கிராஸாக வெட்டிய சதுரம் தைக்கத் தைக்க இழுபட்டு, சதுரமாகவே இருக்காது.

கே: சிவப்புச் சுங்குடித் துண்டுகளை வெள்ளையோடு சேர்த்துத் தைத்தேன். முதல் துவையலிலேயே வெள்ளை முழுதும் ரோஸ். வழி உண்டா? – வாசகி, மதுரை

காய்வதற்குள் என்றால் உண்டு. பெரிய வாளி நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து ஊறவையுங்கள்; தண்ணீர் தெளிகிறவரை மாற்றிக்கொண்டே இருங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை, கருஞ்சிவப்பையும் கருநீலத்தையும் தைப்பதற்கு முன்பே ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து அலசிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் அந்தத் துண்டுக்கு இடம்.

கே: "ஒட்டுப் போட்ட துணி வீட்டுக்கு ஆகாது, தரித்திரம்" என்கிறார் என் மாமியார். என்ன பதில் சொல்வது? – புதுமணப்பெண், கும்பகோணம்

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேரைச் சுற்றிலும் தொங்குகிற தொம்பைகளைக் காட்டுங்கள். யாளி, பூ, கொடி எல்லாமே வண்ணத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்தவை. சுவாமிக்கு ஆகிற ஒட்டு வீட்டுக்கு ஆகாமல் போகுமா?

இன்னும் பழைய சான்றும் உண்டு. மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்ததைப் பார்த்த புத்தர், அந்த மாதிரியே பிக்குகளுக்குச் சீவரம் தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகம் சொல்கிறது. ஆனந்தர் துணியை வெட்டி, இணைத்து, வயலும் வரப்புமாகத் தைத்துக் காட்டினார். இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகள் இன்று உடுத்துகிற சீவரமும் துண்டுகள் இணைத்துத் தைத்ததுதான்.

அத்தையின் மனசில் இருப்பது வறுமையில் கழிந்த ஒரு காலமாகவும் இருக்கலாம். வேறு வழியில்லாமல் ஒட்டுப் போட்டு உடுத்தியவர்களுக்கு ஒட்டைக் கண்டால் வலிக்கத்தான் செய்யும். அதனால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவருடைய பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, முதல் போர்வையில் நட்டநடுவே வையுங்கள்.

கே: எனக்கு அளந்து வெட்டவே வராது. கோடு கோணலாகத்தான் போகும். நான் குயில்ட் தைக்க ஆசைப்படலாமா? – கல்லூரி மாணவி, கோவை

தாராளமாக. கோணல் கோடுகளுக்காகவே உலகம் தேடிப்போய்ப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட சிற்றூர். ஜீஸ் பெண்ட் என்று பெயர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தோட்ட முதலாளியின் 'பெட்வே' என்ற பெயர் இன்றைக்கும் பலருக்குக் குடும்பப் பெயர். 1962இல் ஆற்றைக் கடக்கிற படகையும் நிறுத்திவிட்டார்கள். அக்கரையில் இருக்கும் கேம்டன் நகரத்துக்குப் போய் இவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முயன்றதுதான் குற்றம். படகு மறுபடி ஓடியது 2006இல்.

உலகம் தேடிப்போய்ப் பார்த்தது, இந்த ஊர்ப் பெண்கள் குளிருக்குத் தைத்த போர்வைகளைத்தான். நைந்த வேலை உடுப்பு, தீவனச் சாக்கு, பழைய ஜீன்ஸ் எது கிடைத்ததோ அதுதான் துணி. ஒரே மாதிரி இரண்டு துண்டு கிடைப்பதே அபூர்வம். அதனால் அச்சடித்த வடிவத்தைப் பார்த்துத் தைக்கவில்லை. கையில் இருக்கும் துண்டு எவ்வளவு நீளமோ அதற்கேற்ப யோசித்தார்கள். பட்டைகள் சாய்கின்றன, சதுரம் ஒரு பக்கமாக இழுக்கிறது, சாம்பலும் நீலமுமாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென்று ஒரு சிவப்பு வந்து நிற்கிறது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவற்றை ஓவியங்கள் மாதிரிச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல் தலைகளாகவே வெளியிட்டது.

ஆகவே கோணல் இருக்கட்டும், தங்கச்சி. தையல் மட்டும் பிரியக் கூடாது. அந்தப் போர்வைகள் தினசரி உபயோகத்தைத் தாங்கி, அதற்குப் பிறகுதான் அருங்காட்சியகத்துக்குப் போயின. கால் அங்குலத்துக்குக் குறையாமல் தையல் விளிம்பு விடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தையல் பின்னால் ஓட்டிப் பூட்டுங்கள்.

கே: அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருடைய சட்டைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. கொடுக்கவும் மனசில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. – வாசகர், திருநெல்வேலி

அதே ஜீஸ் பெண்டில் மிசோரி பெட்வே என்றொரு பெண்மணி. கணவர் இறந்த பிறகு, 1942இல், அவருடைய வேலை உடுப்புகளையெல்லாம் எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு அதைப் போர்த்திக்கொள்ளவும்தான் தைப்பதாக அம்மா சொன்னதை, உடனிருந்து உதவிய மகள் பல வருஷம் கழித்து நினைவுகூர்ந்தார். ஜீஸ் பெண்டின் இந்த வகைப் போர்வைகளைக் கிட்டத்தில் பார்த்தால் வெளுத்த நீலத்துக்கு நடுவே ஒரு கருநீலக் கட்டம் தெரியும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் அது; வெயில் படாததால் பழைய நிறம் அப்படியே நின்றிருக்கிறது. முழங்கால் தேய்ந்த இடமும் தேய்ந்தபடியே இருக்கும். வேலை செய்த மனிதரின் உடம்பு அந்தத் துணியில் பதிவாகியிருக்கிறது.

நீங்களும் தைக்கலாம். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று நம்புகிறவராக இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் சம்மதித்தால், சட்டையின் காலரையும் கைப்பட்டியையும் பிரித்துவிடுங்கள். முதுகுத் துணிதான் பெரியதாகவும் நேராகவும் கிடைக்கும். சதுரங்களை அதிலிருந்து எடுங்கள். பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம், பாக்கெட்டோடு சேர்த்து ஒரு சதுரம் வெட்டுங்கள். பட்டன் வைத்த முன்பட்டியை முழுசாக எடுத்தால் தலையணை உறைக்கு வாய்ப்பகுதி தயாராகக் கிடைக்கும். மெல்லிய சட்டைத் துணி பல வருஷம் தாங்க வேண்டுமானால் பின்னால் ஒரு மல் துணி வைத்துத் தையுங்கள். ஒரே நாளில் முடிக்கவேண்டியதில்லை.

கே: எங்கள் ஊர் வெயிலில் மனுஷன் போர்வை போர்த்துவானா? – வாசகர், வேலூர்

பஞ்சு அடைத்த கனத்த குயில்ட் குளிர் நாட்டுக்கு. நமக்கு வங்காளத்துக் காந்தா இருக்கிறது. நைந்து பட்டுப்போல் ஆன பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையலால் நெருக்கமாகத் தைப்பார்கள். நடுவில் பஞ்சு கிடையாது. தைக்கிற நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள் அந்தக் காலத்தில். வேர்வையை உறிஞ்சும், சீக்கிரம் காயும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். மூன்று பழைய நூல் சேலை இருந்தால் வேலூரில் சித்திரை மாதத்துக்குக்கூட அது தாங்கும். இலவம் பஞ்சை மட்டும் உள்ளே அடைக்காதீர்கள். ஒருமுறை துவைத்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.

கே: மெஷின் இல்லை. கையால் தைத்தால் எத்தனை மாதம் ஆகுமோ? – அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம்

கையால் தைக்கும் முறையில் ஒரு சௌகரியம் உண்டு; அதை நன்றாகக் கண்டுகொண்டவர்கள் சித்தி பெண்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சித்திகள். போர்த்துகீசியர் காலத்தில் கோவா வழியாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அவர்களில் பலர். அவர்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்கு 'கவந்த்' என்று பெயர்.

நாம் முதலில் சதுரங்களை இணைத்து மேல்துணி செய்துகொண்டு, பிறகு அடித்துணியோடு சேர்த்துத் தைக்கிறோம். இரண்டு வேலை. அவர்கள் ஒரு பழைய சேலையைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் ஓரத்தை மடக்கி ஓட்டுத் தையல் போடுகிறார்கள். அடுத்த துண்டு அதை ஒட்டி. ஓரமாகவே சுற்றி வந்து உள்ளே உள்ளே போய் நடுவில் முடிகிறது. ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் ஆகிவிடுகிறது. ஊசி ஓடிய தடம் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் வரிவரியாகத் தெரியும். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து, அடுக்கி, சின்னப் பூ மாதிரி தைத்து வைக்கிறார்கள். அதற்குப் 'பூலா' என்று பெயர். பூலா வைக்காத கவந்த் முடிந்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது. யாருக்கும் கண்ணில் படாத மூலைக்கு அவ்வளவு மெனக்கெடுகிற அந்தக் கைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீங்கள் இந்த முறையில் தைத்தால் மடியில் வைத்துக்கொண்டே செய்யலாம். குழந்தைகள் தூங்குகிற மதிய நேரத்தில் ஒரு வரிசை. பெரிய கண் உள்ள ஊசி, கெட்டியான பருத்தி நூல், விரலுக்கு ஒரு விரலுறை. அவ்வளவுதான் மூலதனம்.

கே: நான் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். தினமும் விழுகிற கட்டிங் வேஸ்ட்டில் குயில்ட் தைக்க முடியுமா? – வாசகர், திருப்பூர்

பின்னல் துணி இழுபடும்; அப்படியே தைத்தால் ஒரு சதுரம்கூட அளவுக்கு நிற்காது. பின்னால் ஃபியூசிங் ஒட்டி இஸ்திரி போட்டுவிட்டு வெட்டினால் நிற்கும், ஆனால் செலவு. அதைவிட நல்ல வழி: ஓர் அங்குல அகலத்தில் நீளப் பட்டைகளாக வெட்டி, இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுங்கள். ஓரம் உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். மூன்று கயிற்றைச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி, உட்காரும் விரிப்பு, பெரிதாகச் செய்தால் படுக்கைப் பாய். 2020 கொரோனா சமயத்தில் கேரளத்தின் லட்சுமி மேனன், பாதுகாப்பு உடை தைக்கும் இடங்களில் மிஞ்சிய துணியை இப்படிச் சடை பின்னி மெத்தை விரிப்பு ஆக்கும் 'சய்யா' திட்டத்தைத் தொடங்கினார். பின்னியதற்கு ஊசிகூடத் தேவைப்படவில்லை.

தொழிற்சாலை மிச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள் 1966இல் ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக்கொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. உறையெல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு. வெட்டி விழுந்த கார்டுராய்த் துண்டுகளோ வீடுகளுக்குப் போய், பொன்மஞ்சளும் அவகாடோ பச்சையுமாக அருமையான போர்வைகளாகின. கம்பெனியில் எடுத்துப்போக அனுமதி கேட்டு எடுங்கள். வேஸ்ட்டுக்கும் திருப்பூரில் விலை உண்டு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கே: ஆண்கள் குயில்ட் தைக்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

உங்கள் சட்டையைத் தைத்தவர் யார், சார்?

உலகத்திலேயே பெரிய ஒட்டுப் போர்வையைத் தொடங்கிவைத்தவரும் ஓர் ஆண்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளீவ் ஜோன்ஸ், எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1987இல் அதை ஆரம்பித்தார். ஒருவருக்கு ஒரு துண்டு. மூன்றடிக்கு ஆறடி, ஒரு மனிதரைப் புதைக்கிற இடத்தின் அளவு. இறுதிச் சடங்கு செய்யக்கூடப் பலர் முன்வராத காலம் அது. அந்த வருஷம் அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நேஷனல் மாலில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். இப்போது ஏறக்குறைய 50,000 துண்டுகள். எடை 54 டன். தைத்தவர்களில் காதலர்கள், நண்பர்கள், தாய்மார்கள், அதுவரை ஊசியையே தொடாத ஆண்கள் எல்லாரும் உண்டு.

கே: நான் தைத்த ஒட்டுப் போர்வையைக் கண்காட்சியில் வைத்தேன். "வேஸ்ட் துணிதானே, இருநூறு ரூபாய்க்குக் கொடுங்களேன்" என்கிறார்கள். – சுய உதவிக் குழு உறுப்பினர், தஞ்சாவூர்

கொடுக்காதீர்கள். துணிதான் மிச்சம், உங்கள் நேரம் யாருடைய மிச்சமும் கிடையாது.

ஹாரியட் பவர்ஸ் கதையைக் குழுவில் எல்லாருக்கும் சொல்லுங்கள். 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி, பதினொரு கட்டங்களாகத் தைத்து ஒரு போர்வை செய்தார். 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் எந்த விலைக்கும் தர மறுத்துவிட்டார். சில வருஷத்தில் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தது. 1891இல் அவரே கொண்டுபோய்ப் பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. விற்ற பிறகும் தன் போர்வையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று அவர் சொல்லியதை ஜென்னி ஸ்மித் எழுதிவைத்ததால்தான் நமக்கு இன்று அர்த்தம் தெரிகிறது. அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விலை போடும்போது எத்தனை மணிநேரம் தைத்தீர்கள் என்று குறித்துவைத்து, உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி என்னவோ அந்தக் கணக்கில் போடுங்கள். நூல், உள்துணி, இஸ்திரிச் செலவு தனி. தைத்தவர் பெயரைப் போர்வையின் பின்மூலையில் நூலாலேயே எழுதுங்கள்.

கே: துணி ஒட்டுவதைக் கலை என்று சொல்வது கொஞ்சம் மிகையாகத் தோன்றவில்லையா? – வாசகர், சென்னை

தோன்றவில்லை. சிலியில் 1973இல் பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துச் சென்றார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் தேவாலய அமைப்பின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின் மேல் மிச்சத் துணிகளை ஒட்டிப் படங்கள் தைத்தார்கள். 'அர்பியேரா' என்று பெயர். பின்னால் ஆண்டிஸ் மலை, மேலே ஒரு சூரியன், கீழே சின்னச் சின்ன வீடுகள். கிட்டே போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் போலீஸ், கையில் புகைப்படத்தோடு ஒரு பெண், எங்கே என்று கேட்கும் எழுத்துகள். காணாமல் போனவரின் சட்டைத் துணியையே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. செய்தித்தாள் எழுத முடியாததை இந்தத் துணிகள் ரகசியமாக நாடு கடந்து போய்ச் சொல்லின.

நம் நாட்டிலும் பார்க்கலாம். பீகாரில் முசாபர்பூர் பக்கம் பூசுரா கிராமத்துப் பெண்கள் சுஜனியில் வரதட்சணையையும் பெண்சிசுக் கொலையையும் தைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையைப் போர்த்த, பழைய சேலையில் தைத்துவந்த அதே சுஜனி.

கே: விரல் அகலத் துண்டுகள் ஒரு பை நிறைய மிஞ்சிவிட்டன. இனி இவை குப்பைதானே? – பள்ளி மாணவி, புதுச்சேரி

உனக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறதே, கண்ணு! 2004 சுனாமிக்குப் பிறகு, அங்குள்ள உபாசனா வடிவமைப்புக் கூடத்தில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக்கொண்டு சுற்றியுள்ள மீனவப் பெண்கள் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றார்கள். அதிர்ச்சியிலிருந்து மீள ஒரு வேலை, கையில் ஒரு வருமானம். பொம்மையின் பெயர் சுனாமிகா. அதை விற்பதில்லை, அன்பளிப்பாகவே தருகிறார்கள், வாங்குகிறவர்கள் விரும்பியதை நன்கொடையாகக் கொடுக்கிறார்கள். உன் பையில் இருப்பதைப் பொம்மையின் உடலாக்கலாம், முடியாக்கலாம். அதற்கும் ஆகாத நூல் பிசிறுகளைத் தலையணையிலோ பந்திலோ அடைத்துவிடு.

கே: எங்கள் மகளிர் மன்றத்தில் ஒட்டுப் போர்வை தைத்து ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஏழைகளுக்குத்தானே, ஏதோ ஒரு துணியில் தைத்தால் போதாதா என்கிறார் ஒரு உறுப்பினர். – மன்றச் செயலாளர், நாகர்கோவில்

போதாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுனாமி நேரத்தில் நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. நாடெங்கிலும் இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. கிழிந்தது, அழுக்கானது, அந்த மக்கள் உடுத்தாத ரகம். எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற குடும்பங்கள் அதைத் தொட மறுத்தன. மறுத்தது சரி. உதவி என்ற பெயரில் வந்தது அவமதிப்பு.

டெல்லியில் 1999இல் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா இந்த இடத்தில்தான் கை வைத்தார். கிராமத்தார் தங்கள் ஊருக்குக் கிணறு வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுவார்கள். பிச்சையாக யாரும் வாங்கவேண்டியதில்லை. உடுத்த ஆகாத துணி போர்வையாகிறது, பெண்களுக்கு மாதவிடாய்த் துணியாகிறது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

உங்கள் மன்றத்துக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டுக் கட்டிலில் விரிக்கக் கூசாத துணியை மட்டும் எடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நைந்தது தெரிந்தால் தள்ளுங்கள். பட்டன், ஜரிகை, சமிக்கி எதுவும் வேண்டாம். முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் சுடுதண்ணீரில் அடிக்கடி துவைப்பார்கள். கையால் தைப்பதானால் தையல்களை நெருக்கமாகப் போடுங்கள். முடிந்ததும் உள்ளங்கையால் முழுதும் தடவிப் பாருங்கள், ஒரு குண்டூசி தங்கியிருந்தாலும் விபரீதம். துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். ஒரு வயசு ஆகாத குழந்தை தூங்கும்போது பக்கத்தில் தளர்ந்த போர்வை போடுவது ஆபத்து, மூச்சு முட்டும். கைக்குழந்தைகளுக்கென்றால் தரையில் விரித்துத் தவழ விடுகிற விரிப்பாகத் தைத்து, அதைச் சொல்லியே கொடுங்கள்.

கே: கொடுப்பதற்கு அளவு ஏதாவது உண்டா? எங்கே கொடுப்பது? – வாசகி, தூத்துக்குடி

அளவை வாங்குகிறவர் சொல்ல வேண்டும். லூத்தரன் வேர்ல்டு ரிலீஃப் என்ற அமைப்புக்கு அமெரிக்கத் தேவாலயங்களில் தன்னார்வலர்கள் குயில்ட் தைத்து அனுப்புகிறார்கள். அந்த அமைப்பு சொல்லும் அளவு 60க்கு 80 அங்குலம். முகாமில் அதையே போர்த்துவார்கள், விரிப்பார்கள், தடுப்பாகக் கட்டுவார்கள், மூட்டை கட்டிச் சுமப்பார்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் பொதியாகக் கட்டி ஏற்ற முடியும்.

உங்கள் ஊரில் முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், அரசு மருத்துவமனை மூன்றில் ஒன்றுக்கு நேரில் போய்ப் பொறுப்பாளரைப் பாருங்கள். போர்வை வேண்டுமா, எத்தனை, கட்டில் என்ன அளவு, எப்படித் துவைப்பார்கள் என்று கேளுங்கள். போர்வை வேண்டாம், கட்டிலுக்கு மாற்று விரிப்புதான் வேண்டும் என்று சொன்னால் அதைத் தைத்துக் கொடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் துவைத்தது காயாது. இல்லங்களில் மாற்றுத் துணி போதாமல் திண்டாடுவது அப்போதுதான். கையால் தைப்பதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.